தீபாவளி முதல் பொங்கல் வரை: டப்பா, மழை, சபா கேன்டீன் மூன்றையும் சமாளிப்பது

தீபாவளியன்று நாலு மைசூர்பாகு சாப்பிட்டதால் யாருக்கும் இடுப்பு பெருத்துவிடுவதில்லை. அதற்கு அடுத்த வாரம், அதற்கடுத்த வாரம், மழை பெய்கிற ஒரு சாயங்காலத்தில் டிவி முன்னால் உட்கார்ந்து டப்பாவைத் திறந்து வைத்துக்கொண்டு தின்கிறோமே, அங்கேதான் எடை ஏறுகிறது. தீபாவளி, கார்த்திகை தீபம், வைகுண்ட ஏகாதசி, கிறிஸ்துமஸ், புத்தாண்டு, கூடாரவல்லி, போகி தொடங்கி காணும் பொங்கல் வரை என்று பண்டிகை நாட்களை மட்டும் எண்ணினால் பத்துப் பன்னிரண்டுதான் தேறும். இடையில் கிடக்கும் நாட்களோ இரண்டு முதல் மூன்று மாதம். பண்டிகை நாளில் மனம் நிறையச் சாப்பிடுங்கள். காக்க வேண்டியது மற்ற நாட்களை.

எடை எவ்வளவு ஏறும் என்ற பயமும் பெரும்பாலும் மிகைதான். 2000-ஆம் ஆண்டு நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் ஓர் அமெரிக்க ஆய்வு வந்தது. அங்கே பண்டிகைக் காலமான நவம்பர் நடுப்பகுதி முதல் ஜனவரி தொடக்கம் வரை பெரியவர்களின் எடை சராசரியாக 370 கிராம்தான் கூடியிருந்தது. அரைக் கிலோகூட இல்லை. ஆனால் கூடிய அந்த எடை அதற்கடுத்த மாதங்களில் இறங்கவில்லை. வருஷா வருஷம் இப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேருவதுதான் நாற்பது வயதில் பழைய சட்டை பொத்தான் போட முடியாமல் நிற்பதற்குக் காரணம். நம் ஊரில் கூடுதலாகச் சர்க்கரை நோயும் இருக்கிறது. 2023-ல் வெளியான, இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சிலின் (ஐசிஎம்ஆர்) இண்டியாப் ஆய்வின்படி இந்தியாவில் சுமார் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய், 13.6 கோடிப் பேர் அதற்கு முந்தைய நிலையில். அந்த ஆய்வை முன்னின்று நடத்தியது சென்னையில் உள்ள மெட்ராஸ் டயபிடீஸ் ரிசர்ச் ஃபவுண்டேஷன். ஆகவே இது அழகுக்காகச் சொல்லும் விஷயம் இல்லை.

டப்பாவை என்ன செய்வது

தீபாவளிக்கு முந்தைய வாரத்திலிருந்தே வீட்டுக்கு டப்பாக்கள் வரத் தொடங்கிவிடும். ஆபீஸில் கொடுப்பது, அக்கம்பக்கத்தார் தட்டு, சம்பந்தி வீட்டுச் சீர், நம் வீட்டில் சுட்டது என்று நாலைந்து கிலோ சேருவது சாதாரணம். வந்த அன்றே மூன்றாகப் பிரித்துவிடுங்கள். பால்கோவா, பேடா, பாசந்தி மாதிரிப் பால் இனிப்புகள் முதல் பிரிவு. சென்னைப் புழுக்கத்தில் இவை வெளியில் ஒரு நாள்கூடத் தாங்குவது கஷ்டம், ஃபிரிட்ஜில் இரண்டு மூன்று நாள். வீட்டுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மீதியை அன்றே கொடுத்துவிட வேண்டும். வாட்ச்மேன், வேலை செய்யும் அம்மா, தெருக் கூட்டுபவர்கள், எதிர் வீட்டுப் பிள்ளைகள் என்று வாங்கிக்கொள்ள ஆள் இருக்கிறார்கள். பத்து நாள் கழித்துக் காய்ந்ததைக் கொடுப்பது மரியாதை ஆகாது, புதிதாக இருக்கும்போதே கொடுங்கள். நெய் இனிப்புகள் இரண்டாவது பிரிவு: லட்டு, மைசூர்பாகு, அதிரசம். மூன்றாவது கார வகை.

ஆபத்து அதிகம் இந்தக் கார வகையில்தான். இனிப்பு இரண்டு சாப்பிட்டாலே திகட்டிவிடும், முறுக்குக்கும் மிக்சருக்கும் திகட்டல் என்பதே கிடையாது. 100 கிராம் முறுக்கு ஏறக்குறைய 500 கலோரி. காபியோடு நாலைந்து முறுக்கைக் கடித்து முடிப்பதற்குள் அந்த 100 கிராம் உள்ளே போய்விடும். ஏழு இட்லி சாப்பிட்ட கணக்கு அது, ஆனால் ஏழு இட்லி சாப்பிட்ட வயிறு நிறைவு இருக்காது. 70 கிலோ எடையுள்ளவர் ஒரு மணி நேரம் வேகமாக நடந்தால் செலவாவது சுமார் 280 கலோரிதான். நடந்து கரைத்துவிடலாம் என்கிற கணக்கு இங்கே உதவாது.

இன்னொரு சிக்கல், மழைக்காலக் காற்று. டப்பாவைத் திறந்து திறந்து மூடினால் முறுக்கு நமுத்துப்போகும். நமுத்துப்போவதற்குள் தீர்த்துவிடலாம் என்றே வீட்டில் எல்லோரும் வேகவேகமாகத் தின்பார்கள். பெரிய எவர்சில்வர் தூக்கு ஒன்றில் எல்லாவற்றையும் கொட்டி வைக்காமல், 100 கிராம் 100 கிராமாகச் சின்ன ஜிப் பைகளிலோ மூடி இறுகும் சிறு டப்பாக்களிலோ போட்டு, பரண் அல்லது அலமாரியின் மேல் தட்டில் வையுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பை, வீடு முழுமைக்கும். எதைச் சாப்பிட்டாலும் சின்னத் தட்டில் எடுத்து வைத்துச் சாப்பிட வேண்டும். டப்பாவுக்குள் கைவிட்டால் கணக்கு கைவிட்டுப் போகும்.

சாயங்காலம் நாலு மணிப் பசிக்கு மாற்று ஒன்று வீட்டில் தயாராக இருந்தால்தான் டப்பாவை மறக்க முடியும். சுண்டலை மிஞ்சியது எதுவும் இல்லை. ஆளுக்கு 40 முதல் 50 கிராம் காய்ந்த கொண்டைக்கடலையோ பட்டாணியோ எடுத்து, முந்தின இரவே ஊறப்போட்டு, காலையில் உப்பு சேர்த்துக் குக்கரில் வேகவைத்துத் தண்ணீரை வடித்து வைத்துவிடுங்கள். மாலையில் தாளிக்க ஐந்து நிமிடம் போதும். நாலு பேருக்கு எண்ணெய் இரண்டு டீஸ்பூனைத் தாண்ட வேண்டாம். அதில் புரதமும் நார்ச்சத்தும் இருப்பதால் இரவுச் சாப்பாடு வரை வயிறு பேசாது.

அடுப்படியில் குறைக்க முடிந்ததும் முடியாததும்

எல்லாப் பலகாரத்திலும் சர்க்கரையையும் நெய்யையும் பாதியாக்குங்கள் என்று பொத்தாம்பொதுவாகச் சொல்வார்கள். அடுப்படி தெரிந்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். மைசூர்பாகில் சர்க்கரைப் பாகுதான் உருவத்தைப் பிடித்து நிறுத்துகிறது, நெய்தான் கண் கண்ணாகப் பொரிய வைக்கிறது. ஒரு கப் கடலைமாவுக்கு இரண்டு கப் சர்க்கரை, இரண்டு கப் நெய் என்கிற கணக்கில் கை வைத்தால் கட்டிதட்டும், அல்லது அல்வா மாதிரி நிற்கும். அதிரசமும் அப்படியே, வெல்லப் பாகு குறைந்தால் எண்ணெயில் பிரிந்துபோகும். இவற்றில் அளவைக் குறைக்காதீர்கள், துண்டைக் குறையுங்கள். 60 கிராம் துண்டாக வெட்டுவதற்குப் பதில் 20, 25 கிராமாக வெட்டினால் போதும். ருசி முழுதாக இருக்கும், துண்டுக்கு 150 கலோரிக்குள் முடியும்.

குறைக்க இடம் கொடுப்பவையும் உண்டு. சர்க்கரைப் பொங்கலுக்கு ஒரு கப் அரிசிக்கு இரண்டு கப் வெல்லம் போடுவது வழக்கம். ஒன்றேகால் கப் போட்டு, பாசிப்பருப்பைக் கால் கப்பிலிருந்து அரை கப்பாக்கி, ஏலக்காயும் துளி பச்சைக் கற்பூரமும் சரியாகச் சேர்த்தால் வீட்டில் யாரும் குறை சொல்ல மாட்டார்கள். நெய்யை வேகும்போது ஊற்றினால் எங்கே போயிற்று என்றே தெரியாது. கடைசியில் முந்திரி வறுத்த இரண்டு டேபிள்ஸ்பூன் நெய்யை மேலே ஊற்றினால் வாசனை முழுவதும் மேலே நிற்கும். கேசரியில் ரவைக்குச் சமமாகச் சர்க்கரை போதும். ரவா லட்டு, பாயசம் இரண்டிலும் கால் பங்கைத் தயங்காமல் குறைக்கலாம். ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். வெல்லம், கருப்பட்டி, நாட்டுச் சர்க்கரை எதுவானாலும் ரத்தத்தில் சர்க்கரையை ஏற்றும். வெல்லம் போட்டதால் சர்க்கரை நோயாளி இரண்டு கரண்டி கூடச் சாப்பிடலாம் என்பது தவறு.

வடை பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லத்தான் வேண்டும், இந்த மூன்று மாதத்தில் வடை இல்லாத விசேஷம் இல்லை. ஒரே மாவில் சுட்ட வடையில் ஒன்று கையில் எண்ணெய் ஒட்டாமல் இருக்கும், இன்னொன்றைப் பிழிந்தால் எண்ணெய் சொட்டும். காரணம் மாவில் இருக்கும் தண்ணீர். உளுந்து ஒரு மணி நேரத்திலிருந்து ஒன்றரை மணி நேரம் ஊறினால் போதும், ராத்திரி முழுக்க ஊறியது நிறையத் தண்ணீர் குடித்துவிடும். அரைக்கும்போது ஊற்றாமல் தெளிக்க வேண்டும், ஐஸ் தண்ணீர் என்றால் மாவு சூடாகாமல் பொங்கி வரும். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டால் மிதக்க வேண்டும். உப்பைச் சுடுவதற்குச் சற்று முன்னால்தான் போட வேண்டும். முதலிலேயே போட்டால் மாவு நீர்த்துப்போகும், நீர்த்த மாவு எண்ணெய் குடிக்கும். அப்படி நீர்த்துவிட்டால் இரண்டு ஸ்பூன் அரிசி மாவு சேர்த்துச் சமாளிக்கலாம். எண்ணெய் காயும் பதம் 170 முதல் 180 டிகிரி. துளி மாவு போட்டதும் அடியில் போய் உடனே மேலே வர வேண்டும். அடியிலேயே தங்கினால் எண்ணெய் காயவில்லை என்று அர்த்தம், அதில் போடும் வடை வேகும் முன் எண்ணெயை இழுக்கும். வாணலியில் ஒரே நேரத்தில் நிறைய போட்டாலும் சூடு இறங்கி இதே கதைதான்.

பலகாரம் சுட்ட எண்ணெயை மறுபடி பொரிக்க வைக்காதீர்கள். வடிகட்டி ஓரிரு நாளுக்குள் தாளிப்புக்கு உபயோகித்துத் தீர்க்கலாம். நுரை தள்ளினாலோ, சீக்கிரமே புகைந்தாலோ, கறுத்துப் பிசுபிசுத்தாலோ தூக்கிப் போட வேண்டியதுதான். கடைகளில் பொரிக்கும் எண்ணெயில் டிபிசி என்கிற போலார் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும், எண்ணெய், வனஸ்பதி வகைகளில் டிரான்ஸ் கொழுப்பு 2022 ஜனவரியிலிருந்து 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்றும் உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி இருக்கிறது. ஆனால் தெருமுனையில் திடீரென்று முளைக்கும் பண்டிகைக் கடையில் எந்த எண்ணெய் எத்தனை நாளாகக் காய்கிறது என்று நமக்குத் தெரியாது. குறைவாக வாங்கினாலும் லேபிளும் தேதியும் உள்ளதாக வாங்குங்கள்.

தீபாவளிக் காலை

விடியற்காலை நாலு மணிக்கு எண்ணெய்க் குளியல், உடனே வெறும் வயிற்றில் இனிப்பு என்றுதான் பல வீடுகளில் நாள் தொடங்குகிறது. சாமி கும்பிட்டு ஒரு துண்டு வாயில் போடுவதோடு நிறுத்திக்கொண்டு, அடுத்து இட்லிக்கு உட்காருவது நல்லது. அசைவ வீடுகளில் இட்லியும் கறிக்குழம்பும் உண்மையிலேயே நல்ல காலை உணவு, கறியின் புரதம் மதியம் வரை தாங்கும். இனிப்பைச் சாப்பாட்டுக்குப் பின்னால் தள்ளினால் ரத்தச் சர்க்கரை ஏறும் வேகம் குறையும். லேகியம் சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் எல்லாம் சேர்ந்தது, செரிமானத்துக்கு இதம்தான். ஆனால் அதில் பெரும்பங்கு வெல்லமும் நெய்யும் நல்லெண்ணெயும். சின்ன நெல்லிக்காய் அளவு போதும். லேகியம் இருக்கிறதே என்று கூட நாலு பலகாரம் தின்பது லேகியத்துக்கே அடுக்காது.

மறுநாள் எடை பார்த்து ஒரு கிலோ கூடியிருக்கிறதே என்று பதற வேண்டாம். உப்பும் மாவுச்சத்தும் அதிகமானால் உடம்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும், இரண்டு மூன்று நாளில் அது இறங்கிவிடும். பதறிப்போய் அன்று பட்டினி கிடப்பதுதான் தவறு, சாயங்காலம் மறுபடி டப்பாவில் போய் முடியும். வாரத்துக்கு ஒரு முறை, அதே கிழமை, காலையில் வெறும் வயிற்றில் எடை பாருங்கள். அதைவிட இடுப்பளவு நம்பகமானது. ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்திய உடம்புக்கு வைத்த எல்லை.

மழையும் நடையும்

சென்னைக்கு வருஷ மழையில் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. பண்டிகையும் அதே மாதங்களில்தான். மூன்று நாள் மழையில் நின்ற நடை, வெயில் வந்த பிறகும் மூன்று வாரம் திரும்புவதில்லை. ஷூ காயவில்லை, பூங்காவில் தண்ணீர், தூக்கம் என்று காரணங்கள் கிடைத்துக்கொண்டே இருக்கும். அதனால் நடையின் இடம் மாறலாம், நேரம் மாறக் கூடாது. காலை 6 மணி உங்கள் நேரம் என்றால் மழை நாளில் அதே 6 மணிக்கு வீட்டுக்குள் 20 நிமிடம் ஒதுக்குங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிட மிதமான உடற்பயிற்சி, கூடவே இரண்டு நாள் தசைப் பயிற்சி. நடப்பவர்கள் பெரும்பாலும் அந்த இரண்டாவதைச் செய்வதே இல்லை. அதற்கு மழை நாள் தோதாக வாய்க்கிறது.

நாற்காலியில் உட்கார்ந்து எழுவது எல்லா வயதுக்கும் ஏற்றது. டைல்ஸ் தரையில் பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சறுக்கும், ஆகவே அதன் முதுகைச் சுவரோடு ஒட்டிப் போடுங்கள். பாதி இருக்கையில் உட்கார்ந்து, பாதங்களைத் தோள் அகலத்துக்கு விரித்து, முழங்காலுக்குச் சற்றுப் பின்னால் இழுத்து வையுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு எழுந்திருங்கள். எழுவதற்கு இரண்டு எண்ணிக்கை, உட்காருவதற்கு மூன்று. தொப்பென்று உட்கார்ந்தால் பயிற்சியின் பாதிப் பலன் போயிற்று. முழங்கால்கள் உள்பக்கம் சாயாமல் கால்விரலின் நேரே நிற்க வேண்டும், சாய்ந்தால்தான் மூட்டு வலிக்கும். ஏற்கனவே மூட்டு வலி உள்ளவர்கள் இருக்கையில் ஒரு தலையணையைப் போட்டு உயரத்தைக் கூட்டிக்கொள்ளலாம். 10 முறை, ஒரு நிமிட இடைவெளி, இப்படி மூன்று சுற்று. அடுத்து சுவரில் கை ஊன்றித் தண்டால் 10, சுவரைப் பிடித்துக் குதிகாலை உயர்த்துவது 15, மல்லாந்து படுத்து இடுப்பைத் தூக்குவது 12. இவையும் மூன்று சுற்று. மீதி நேரத்தில் ஹாலிலேயே முழங்காலை உயர்த்தி நின்ற இடத்தில் நடக்கலாம்.

அடுக்கு மாடி வீடு என்றால் மாடிப்படி இருக்கிறது. மூட்டு வலிக்காரர்கள் படியில் ஏறிவிட்டு லிஃப்டில் இறங்கட்டும், இறங்கும்போதுதான் மூட்டில் சுமை அதிகம். மொட்டை மாடி நடை நல்லது, ஆனால் நவம்பரில் பாசி பிடித்திருக்கும், பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்த பிறகே நடக்க வேண்டும். சர்க்கரை நோயாளிகள் ஈரச் ஷூவைப் போடவே கூடாது, விரலிடுக்கில் சேற்றுப்புண் வந்தால் ஆற நாளாகும். தேங்கிய தண்ணீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம், காலில் புண்ணோடு அதில் இறங்காதீர்கள்.

மழை விட்ட நாளில் அண்ணா நகர் டவர் பார்க், மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்கா, பெசன்ட் நகர் கடற்கரைச் சாலை, மெரினா என்று அவரவருக்குப் பக்கத்தில் இருப்பதற்குப் போங்கள். தீபாவளிக்கு மறுநாள் காலையும் போகி காலையும் மட்டும் வெளியே நடக்காதீர்கள். 2018 போகியன்று புகைமூட்டத்தால் சென்னை விமான நிலையத்தில் விமானங்களே இறங்க முடியாமல் திரும்பின. அந்தக் காற்றை வேகமாக மூச்சு வாங்கி உள்ளே இழுப்பதைவிட வீட்டில் ஜன்னலை அடைத்துப் பயிற்சி செய்வது மேல். காணும் பொங்கலன்று மெரினாவில் நடக்கக் கால் வைக்க இடம் இருக்காது, அன்றைக்குத் தெருவையே சுற்றுங்கள்.

மார்கழி

இந்தப் பருவத்தின் பழைய வழக்கத்தில் நடை தானாகவே இருந்தது. மயிலாப்பூர் மாட வீதிகளில் கர்நாடக இசைப் பாடலாசிரியர் பாபநாசம் சிவன் நடத்திய மார்கழி பஜனை விடியற்காலையில் நடந்தே பாடியது. இன்றும் அந்த வீதிகளில் பஜனை உண்டு, கூடப் போனால் பாட்டுக்குப் பாட்டு, நடைக்கு நடை. கோயிலில் கிடைக்கும் வெண்பொங்கல் தொன்னையைக் காலை உணவாகவே கணக்கில் வையுங்கள். வீட்டுக்கு வந்து மறுபடி தோசை வார்ப்பதுதான் சிக்கல்.

மார்கழி இசை சீசனில் கச்சேரி நடக்கும் சபாக்களில் பிரச்சினை வேறு. மதியம் தொடங்கி இரவு 9 வரை மூன்று கச்சேரி கேட்பவர் ஏழு எட்டு மணி நேரம் நாற்காலியில் இருக்கிறார், இடைவெளி எல்லாம் கேன்டீனில் போகிறது. கேன்டீனைத் தவிர்க்கச் சொல்லமாட்டேன், அது சீசனின் அழகு. ஆனால் ஒரு நாளைக்கு ஒன்று: இலைச் சாப்பாடு அல்லது மாலை டிபன். டிபனில் அடை அவியலே முதலிடம். பருப்பு, காய் இரண்டும் அதில் இருக்கின்றன. ரவா தோசை ஓட்டை ஓட்டையாக எண்ணெய் குடித்து வரும், அதைக் கடைசியில் வையுங்கள். இலையில் உட்கார்ந்தால் பொரியல், கூட்டு, கோசுமல்லியை முதலில் முடித்துவிட்டுச் சாதத்துக்கு வாருங்கள். காயும் பருப்பும் முன்னே போனால் சாதத்தின் சர்க்கரை மெல்ல ஏறும். சாம்பாருக்கு ஒரு கரண்டி, ரசத்துக்கு ஒரு கரண்டி, மோருக்கு அரை. சாப்பிட்டதும் அரங்குக்குள் போகாமல் 15 நிமிடம் நடந்துவிட்டுப் போங்கள். மியூசிக் அகாடமிக்கும் நாரத கான சபாவுக்கும் நடுவே ஆட்டோ வேண்டாம், இரண்டும் ஒரே டிடிகே சாலையில்தான் இருக்கின்றன.

காபியில்தான் யாரும் கணக்கு வைப்பதில்லை. டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 10 கிராம். நாலு காபிக்கு 40 கிராம். சேர்க்கும் சர்க்கரை ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. கலக்கும் முன்னாலேயே மாஸ்டரிடம் ‘சுகர் கம்மியா’ என்று சொல்லிவிட வேண்டும், கலந்த பிறகு சொல்லிப் பயனில்லை.

வைகுண்ட ஏகாதசி உபவாசம் சர்க்கரை மாத்திரை போடுபவர்களுக்கு விளையாட்டு இல்லை. கிளிமிபிரைடு, கிளிகிளாசைடு வகை மாத்திரையையோ இன்சுலினையோ போட்டுக்கொண்டு பட்டினி கிடந்தால் சர்க்கரை அபாயகரமாக இறங்கும். முந்தின வாரமே டாக்டரிடம் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு வந்து மீட்டரில் 70-க்குக் கீழே காட்டினால் மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து உடனே குடிக்க வேண்டும், 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். விரதம் அங்கேயே முடிந்தது.

தையில் சந்தையே உதவிக்கு வருகிறது. மொச்சை, அவரை, பரங்கி, பூசணி, சர்க்கரைவள்ளி, பனங்கிழங்கு எல்லாம் அப்போது மலிவு. திருவாதிரைக்கு வைக்கும் ஏழுகறிக் குழம்பும் பொங்கலுக்கு வைக்கும் பல காய்க் கூட்டும் இந்தப் பருவத்தின் மிகச் சிறந்த உணவு. ஒரு நாளைக்கு 400 கிராம் காய்கறி என்பது ஐசிஎம்ஆர் 2024-ல் வெளியிட்ட வழிகாட்டி சொல்லும் அளவு. அந்தக் கூட்டை இரண்டு கிண்ணம் சாப்பிட்டாலே பெரும்பகுதி வந்துவிடும். கூட்டைப் பெரிய பாத்திரத்திலும் சர்க்கரைப் பொங்கலைச் சின்ன உருளியிலும் வையுங்கள்.

பொங்கல் முடிந்ததும் ஜனவரி கடைசி வாரத்தில் எச்பிஏ1சி ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். அது கடந்த இரண்டு மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும், அதாவது தீபாவளி முதல் பொங்கல் வரையான கணக்கு அப்படியே வரும். வெறும் வயிறு தேவையில்லை. ரத்தசோகை இருந்தால் அளவு மாறிக் காட்டக்கூடும், அதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அடுத்த வருஷம் புரட்டாசியில் ஒரு முறை, தையில் ஒரு முறை என்று எடுத்தால் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.